அவசரப் பிரிவின் வாசலில் கேட்கப்படும் கேள்விகள்: வயிற்று வலியும் விபத்துக் காயமும்

அறுவை சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவரிடம் நோயாளியைவிட உடன் வந்தவர்களே அதிகம் கேள்வி கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, நின்று பதில் சொல்ல அந்த நேரத்தில் எங்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை என்பதே குறை. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு, அவசரமில்லாத வேளையில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நடைமுறையை ஒட்டியே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைத்துச் செல்கிறார்களே, இது என்ன நியாயம்?

அவசரப் பிரிவில் வரிசை என்பது வந்த நேரத்தைப் பொறுத்தது அன்று. வாசலிலேயே நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்த்து, உடனடியாக உயிருக்கு ஆபத்து உள்ளவரைச் சிவப்புப் பகுதிக்கும், சற்றுப் பொறுக்கக்கூடியவரை மஞ்சள் பகுதிக்கும், நடந்து வரக்கூடியவரைப் பச்சைப் பகுதிக்கும் பிரித்து அனுப்புகிறோம். கை ஒடிந்து உரக்கக் கத்துபவரின் மூச்சுப்பாதை நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்தக் கத்தலே சான்று. ஓரமாக ஸ்ட்ரெச்சரில் வெளிறிப்போய், வியர்த்து, சத்தமில்லாமல் படுத்திருப்பவரைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம் வரும்.

கால் உடைந்து தொங்குகிறது; அதைக் கவனிக்காமல் வாயையும் நெஞ்சையும் பார்க்கிறார்களே?

கண்ணை ஈர்க்கும் காயம் ஒன்று, உயிரைப் பறிக்கும் காயம் வேறொன்று என்பது விபத்துச் சிகிச்சையில் அடிக்கடி நடக்கும். ஆகவே காயம் எங்கிருந்தாலும் ஆராயும் வரிசை மாறுவதில்லை: முதலில் மூச்சுப்பாதையும் கழுத்தெலும்பின் பாதுகாப்பும், அடுத்து மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், பிறகு மூளையின் நிலை, கடைசியாக உடைகளை முழுவதும் வெட்டி எடுத்து, நோயாளியை ஒரே கட்டையாகப் புரட்டி முதுகுப்புறத்தையும் பார்ப்பது.

இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தாமே ஓட்டிச் சென்ற சிறிய விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், குழந்தைகளும் காயமடைந்தார்கள். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் தம் குழந்தைகளுக்குக் கிடைத்த சிகிச்சையைவிட, வயல்வெளியில் கையில் ஏதுமின்றித் தாம் செய்த முதலுதவியே மேலாக இருந்ததாக அவர் உணர்ந்தார். அந்த ஆதங்கத்திலிருந்து 1978இல் ஒரு பயிற்சி வகுப்பு பிறந்தது. அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரி 1980இல் அதை ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் முழுவதும் விபத்துச் சிகிச்சையில் பின்பற்றப்படும் வரிசை அதுவே.

நெஞ்சை ஏன் அவ்வளவு அவசரமாகப் பார்க்கிறோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். விலா எலும்பு குத்தி நுரையீரல் கிழிந்தால், உள்ளே கசியும் காற்று வெளியேற வழியின்றி நெஞ்சுக்குள் சேர்ந்து, இதயத்தையே ஒருபக்கமாகத் தள்ளி, ரத்தம் திரும்பி வரும் பெரிய நாளங்களை நெருக்கிவிடும். கழுத்து நரம்புகள் புடைத்து, அந்தப் பக்கம் மூச்சொலி கேட்காமல், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகும். இதை உறுதிப்படுத்த எக்ஸ்ரேவுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் எக்ஸ்ரே அறையிலேயே உயிர் போய்விடலாம். தடித்த ஊசியையோ விரலையோ விலாக்களுக்கிடையே நுழைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு குழாய் பொருத்துகிறோம். புஸ்ஸென்று காற்று வெளியேறும் ஓசையும், அதையடுத்து நோயாளியின் முகத்தில் நிறம் திரும்புவதும் ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது.

ரத்த அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்கிறீர்கள்?

வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் உண்டு. அதில் ஒன்றரை லிட்டர்வரை இழந்தபோதும், ஆரோக்கியமான இளைஞரின் உடல் நாளங்களைச் சுருக்கியும் இதயத்தை வேகமாக அடித்தும் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் விழும்போது ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு போயிருக்கக்கூடும். எனவே நாங்கள் பார்ப்பது அழுத்தத்தின் எண்ணை மட்டுமல்ல. நாடி 120ஐத் தாண்டுகிறதா, கைவிரல்கள் சில்லிட்டிருக்கின்றனவா, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாரா, காரணமில்லாமல் எரிச்சல்பட்டுப் படுக்கையில் புரள்கிறாரா என்பதையும் பார்க்கிறோம். முதியவர்களிடம், குறிப்பாக இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம், நாடிகூட ஏமாற்றும்.

வெளியே ரத்தம் தெரியாவிட்டால் அது நெஞ்சுக்குள், வயிற்றுக்குள், இடுப்பெலும்புக் கூட்டுக்குள், தொடைக்குள் என நான்கு இடங்களில் ஒன்றில் தேங்கியிருக்கலாம். ஒரு தொடை எலும்பு முறிவே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். இடுப்பெலும்பு பிளந்தால் அதைவிட அதிகம். அதற்குரிய பட்டை கையில் இல்லாதபோது, மடித்த படுக்கை விரிப்பை இடுப்பின் இரு பக்கத் தொடையெலும்பு மேடுகளுக்கு நேராக இறுக்கிக் கட்டுவது பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற ஊசியையும் இங்கே சொல்ல வேண்டும். 2010இல் வெளியான, 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தப்பட்ட ஆய்வு, இந்த மலிவான மருந்து ரத்தப்போக்கால் நேரும் மரணத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதற்குப் பிறகு கொடுத்தால் தீங்காகவும் முடியலாம். "எத்தனை மணிக்கு அடிபட்டது?" என்று எல்லோரும் மாறி மாறிக் கேட்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வயிற்று ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டது. ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை?

அவசரப் பிரிவில் படுக்கையருகிலேயே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த நிமிடம் வயிற்றுக்குள்ளோ இதயத்தைச் சுற்றியோ ரத்தம் தேங்கியிருக்கிறதா? குடலில் ஏற்பட்ட சிறு கிழிசலை அது பெரும்பாலும் காட்டாது. அந்தக் கிழிசலிலிருந்து கசிவு பரவி, வயிறு இறுகி, காய்ச்சல் ஏற 12 மணி நேரம்கூட ஆகலாம். சைக்கிளில் விழுந்து ஹேண்டில்பார் முனை மேல்வயிற்றில் குத்திய பையன்களின் தோலில் வட்டமாகச் சிறு கன்றல் மட்டுமே தெரியும்; அப்படியொரு கன்றலைக் கண்டால் நான் அன்றிரவு அவனை வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மண்ணீரல் கிழிந்தவர்களிலும், ரத்த ஓட்டம் நிலையாக இருக்குமானால் இப்போது பலரை அறுவை செய்யாமலே காப்பாற்றுகிறோம். ஆனால் படுக்கையில் அசையாமல் வைத்து, நாடியையும் ஹீமோகுளோபினையும் மீண்டும் மீண்டும் அளந்து, எந்த நேரமும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தால்தான் அது சிகிச்சை. "சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள்" என்று உறவினர்கள் குறைப்படும் அந்தப் பொழுதில், ஒரே கை ஒரே வயிற்றை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்த ஸ்கேனைவிடவும் நான் அதையே நம்புகிறேன்.

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று எப்படி நினைவு இழந்தார்?

பொட்டுப் பகுதி எலும்பு விரிசல் விடும்போது அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் சிறிது சிறிதாகச் சேரும். அடிபட்டவுடன் மயங்கியவர் விழித்து, தண்ணீர் கேட்டு, பெயர் சொல்லி, உறவினரிடம் பேசுவார். சில மணி நேரத்தில் தலைவலி கூடி, வாந்தி வந்து, மந்தமாகி, ஒரு கண்ணின் பாவை விரிந்துவிடும். இடையில் கிடைக்கும் அந்தத் தெளிவான நேரத்துக்குள் கண்டுபிடித்து ரத்தக்கட்டியை அகற்றினால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுவார்கள்.

1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி, கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண் தருகிறோம். 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுக்குழாய் பொருத்த வேண்டிய நிலை என்று கொள்கிறோம். ஒரே ஒரு முறை எடுத்த மதிப்பெண்ணால் பெரிய பயன் இல்லை. 15 ஆக இருந்தவர் 13 ஆனார் என்பதுதான் செய்தி. இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, 65 வயதைத் தாண்டியிருத்தல், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுதல், காதிலோ மூக்கிலோ நீர் கசிதல், இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சி.டி. ஸ்கேன் எடுக்கத் தயங்கக் கூடாது.

குடித்திருந்தவர் விஷயத்தில் நாங்களும் ஏமாறுவதுண்டு. வாயில் சாராய வாடை அடித்தால், "போதை தெளியட்டும்" என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் ஆபத்தானது. போதை நேரம் ஆக ஆகத் தெளிய வேண்டும். தெளியாமல் ஆழமாகிக்கொண்டே போனால் காரணம் மண்டைக்குள் இருக்கிறது.

வயிற்று வலிக்கு வந்தால் நெஞ்சு எக்ஸ்ரேவும் இ.சி.ஜி.யும் எதற்கு?

"வாயுதான் டாக்டர், ஒரு ஊசி போட்டால் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு மேல்வயிற்றைப் பிடித்தபடி வரும் ஐம்பது வயதுக்காரருக்கு மாரடைப்பாகவும் இருக்கலாம். இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்படும்போது வலி வயிற்றில்தான் தெரியும். இ.சி.ஜி. அதற்காக.

நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது இரைப்பைப் புண் ஓட்டையாகியிருக்கிறதா என்று பார்க்க. மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் கடை மாத்திரை வாங்கி விழுங்கியவர், மது அருந்துபவர், புகைப்பவர் ஆகியோரிடம் இதை அதிகம் பார்க்கிறோம். வலி தொடங்கிய நிமிடத்தையே அவர்களால் சொல்ல முடியும்: "டீ கிளாஸைக் கீழே வைத்தேன், கத்தியால் குத்தியது போல் இருந்தது." வயிறு பலகை போல் இறுகியிருக்கும். நிற்கவோ உட்காரவோ வைத்து எடுத்த எக்ஸ்ரேயில், உதரவிதானத்துக்குக் கீழே பிறைநிலா போல் காற்று தெரிந்தால் ஓட்டை உறுதி. தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று பொருளாகாது.

எந்த வயிற்று வலிக்கு அறுவை தேவைப்படும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

முதலில் நோயாளி படுத்திருக்கும் விதமே பாதி சொல்லிவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர் ஒரு நிலையில் இருக்க மாட்டார். எழுவார், குனிவார், தரையில் புரள்வார். வயிற்று உறையில் அழற்சி பரவியவர் கல்லாகக் கிடப்பார். கட்டிலை யாராவது இடித்தால் முகம் சுளிப்பார். கணைய அழற்சி உள்ளவர் முன்னால் குனிந்து உட்கார்ந்து, வலி முதுகுக்குப் போகிறது என்பார். அவருக்குத் தேவை தொடக்கத்தில் கத்தி அல்ல, நரம்பு வழியே திரவமும் வலி நிவாரணமும்.

குடல்வால் அழற்சியில் வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி நிலைகொள்ளும். பசி போய்விடும், வாந்தி வந்தால் வலிக்குப் பிறகுதான் வரும். நியூயார்க் மருத்துவர் மெக்பர்னி 1889இல் குறித்த, அழுத்தினால் வலி மிகும் புள்ளி, வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இருக்கிறது. ஆனால் குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பாடத்தின்படி நடப்பதில்லை. சீழ் வைத்த குடல்வால் வெடிக்கும்போது சிலருக்கு வலி சட்டென்று குறையும். வீட்டில் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அடுத்த நாள் வயிறு முழுவதும் சீழோடு வருவார்கள்.

வயிறு உப்பி, விட்டுவிட்டுச் சுருட்டி வலித்து, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பு. பழைய அறுவைத் தழும்பு உண்டா என்றும், தொடை இடுக்கில் குடலிறக்கம் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்காமல் அந்தப் பரிசோதனை முடிவதில்லை. நாட்கணக்கில் உள்ளே போய்வந்த குடலிறக்கம் திடீரென வலித்து, உள்ளே போகாமல் நின்றால், அதை அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்காமல் உடனே வர வேண்டும்.

கருவுறும் வயதுப் பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால், திருமணமாகிவிட்டதா என்ற கேள்வி தேவையில்லை. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் உயிரிழப்பு மிக விரைவில் நேரும்.

பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வயிற்று வலி என்று தாயோடு வந்தான். வயிறு மெத்தென்று இருந்தது. தாயை வெளியே அனுப்பிவிட்டு, கால்சட்டையைத் தளர்த்தச் சொன்னபோதுதான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான். ஒரு பக்க விரை வீங்கி மேலேறி முறுக்கிக் கிடந்தது. விரை முறுக்கில் நமக்கு இருப்பது ஏறத்தாழ 6 மணி நேரம். அவன் வெட்கத்தில் ஐந்தைக் கழித்திருந்தான்.

வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துபோகாதா?

போகாது. இது பழைய நம்பிக்கை. என் ஆசிரியர்கள் காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். வலி குறைந்த நோயாளி வயிற்றைத் தளர்த்திக் காட்டுவதால் பரிசோதனை எளிதாகவே ஆகிறது.

குடல்வால் அழற்சி மருந்திலேயே குணமாகிவிடும் என்கிறார்களே?

சிலருக்கு ஆகும். பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், சிக்கல் இல்லாத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டுகளுக்குள் 39 சதவீதத்தினருக்கு அழற்சி திரும்ப வந்தது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு 90 நாட்களுக்குள்ளேயே அறுவை தேவைப்பட்டது. உள்ளே கல் போன்ற மலத்துணுக்கு அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அருகிலேயே மருத்துவமனை உள்ளவர் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அது நியாயமான முடிவு. கடைசிப் பேருந்து போய்விட்டால் மறுநாள் காலைவரை மருத்துவமனைக்கு வர முடியாத ஊர்க்காரருக்கு நான் அறுவையையே சொல்வேன்.

ஒரு வாய் தண்ணீர்கூட ஏன் கொடுக்கக் கூடாது?

மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால்தான். திட்டமிட்ட அறுவைக்குத் திட உணவுக்கு 6 மணி நேரமும், தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி போதும். அடிபட்டவருக்கும் கடும் வயிற்று வலிக்காரருக்கும் வயிறு இயங்குவதே நின்றிருக்கும். அந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பாசத்தில் ஒளித்துக் கொடுத்த சோடாவை மட்டும் மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தீக்காயத்துக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

குழாயடியில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள். இட்லி மாவு, பற்பசை, பேனா மை ஆகிய மூன்றையும் நாங்கள் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழம் தெரியும். மையின் நிறம் போகவே போகாது. ஐஸ் கட்டியும் வேண்டாம்.

எரிந்த பரப்பை மதிப்பிட, விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை உடலில் ஒரு சதவீதம் என்று கொள்கிறோம். அந்தப் பரப்பையும் எடையையும் கொண்டு முதல் 24 மணி நேரத்துக்கான திரவத்தைக் கணக்கிட்டு, பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்றுகிறோம். அந்த 8 மணி நேரம் மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. மூக்கு முடி கருகியிருந்தாலோ குரல் கரகரத்தாலோ மூச்சுப்பாதை வீங்குவதற்கு முன்பே குழாய் பொருத்த வேண்டியிருக்கும்.

எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டு போட்டுக்கொண்டு வரலாமா?

மூங்கில் பட்டையை வைத்து இறுக்கிக் கட்டிய கையோடு இரண்டாம் நாள் வரும் குழந்தையைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். முறிந்த இடத்தில் வீக்கம் கூடும், கட்டு விரியாது, தசை ரத்தமின்றிச் சாகத் தொடங்கும். விரலை மெல்ல நீட்டினாலே உயிர்போகும் வலி வருவதுதான் முதல் அறிகுறி. மரத்துப்போவதும், நாடி மறைவதும் காலம் கடந்த பிறகு வருபவை. மாவுக்கட்டிலும் இது நடக்கும். கட்டுப் போட்ட இரவில் வலி ஏறிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போட வேண்டும். காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்ற முடிவு மிகக் கடினமானது. அதற்கு உதவ, கோவை கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில், 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காப்பாற்ற முயல்வதும், 17ஐ எட்டினால் அகற்றுவதைப் பரிசீலிப்பதும் வழக்கம். இடைப்பட்ட 15, 16 மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டவை.

விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸில் நேராகப் போட்ட விரலைத் தைக்க முடியாது.

சர்க்கரை அளவு குறைந்த பிறகு கால் புண்ணுக்கு ஆபரேஷன் செய்யக் கூடாதா?

உள்ளே சீழ் இருக்கும்வரை சர்க்கரை குறையாது. எவ்வளவு இன்சுலின் போட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும். சீழை வெளியேற்றிய அன்றே பலருக்கு அளவு இறங்குவதைப் பார்க்கலாம். ஆகவே இன்சுலினும் அறுவையும் ஒன்றாகவே நடக்க வேண்டும்.

உணர்ச்சி இழந்த பாதம் வலியால் எச்சரிக்காது. வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி, பாதம் முழுவதும் கொப்புளமாகி, வீட்டில் காலைக் கழுவும்போதுதான் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. சிவப்பு மணிக்கணக்கில் மேலேறுவது, தோல் கறுப்பது, அழுத்தினால் தோலடியில் நறநறவென்று கேட்பது, துர்நாற்றம் ஆகியவை அன்றே அறுவை அரங்குக்குப் போக வேண்டிய அறிகுறிகள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் விரலோடு முடிந்திருக்க வேண்டியது முழங்காலுக்கு ஏறிவிடும்.

போலீஸ் வராமல் சிகிச்சை தொடங்குவார்களா? பணம்?

தொடங்க வேண்டும். காவல்துறை நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று கேட்கும் அந்தப் பதிவில், விவரங்களை எழுதிவிட்டு வேலையைப் பார்ப்போம். தூக்கி வந்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் அதில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் குறித்த தொகைவரை ஏற்கிறது. நோயாளி எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

வீட்டுக்கு அனுப்பிய தலைக்காயக்காரரைத் தூங்க விடலாமா?

விடலாம். விடிய விடிய விழிக்க வைத்திருப்பது வீண் வேதனை. முதல் இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பி, பெயரையும் இருக்கும் இடத்தையும் கேளுங்கள். கை கால்களை அசைக்கச் சொல்லுங்கள். எழுப்ப முடியாவிட்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐ அழைத்து, பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு, இரவு இரண்டு மணியானாலும் புறநோயாளிச் சீட்டுக்காகக் காலைவரை காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்கே வந்துவிடுங்கள்.